அடுக்களைக்குள் ஒரு முட்டை

என் அன்புள்ள அத்தான்,

ஊரில் பேசிக்கொள்வதை நம்பாதீர்கள். தனிமை தாங்காமல் நான் நாய் வளர்க்கவில்லை. வளர்ப்பது வேறு, வைத்துப் பார்ப்பது வேறு. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிடந்த ஒன்றை, நல்ல வீடு அமையும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லித் தெருநாய்களை மீட்கும் குழுவினர் என்னிடம் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைப்பது கொண்டுபோகிறவர்களின் உரிமை.

உங்கள் நினைவு நாளுக்கு வழக்கமாகப் பத்திரிகையில் படமும் நான்கு வரியும் கொடுப்பேன். இந்த முறை கடிதம். பாளையங்கோட்டையே படிக்கட்டும், ஆளாளுக்கு விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை.

வந்த நாளிலேயே அதை எனக்குப் பிடித்துப்போனது உண்மை. குரைக்காது. மேலே பாயாது. மோர்ச்சோற்றை முகர்ந்து, கொஞ்சம் நக்கிவிட்டு, ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். கான்வென்டில் எங்களுக்குச் சாப்பாட்டு மேசையில் உட்காரக் கற்றுத்தந்த சிஸ்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். சைவ வீட்டுக்கு வந்ததும் நாயும் சைவமாகிவிட்டது என்று வாசலில் நின்று பெருமை பேசினேன்.

அது ஒழுக்கம் இல்லை, அத்தான். எழுந்து குரைக்க அதற்குத் தெம்பில்லை.

ஒரு காலையில் முற்றத்தைத் தாண்டும்போது கால் மடங்கி விழுந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். கால்நடை டாக்டர் சின்னப் பெண். நம் பேத்தி வயதுதான். வாயைத் திறந்து காட்டினாள். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ரத்தம் குறைஞ்சிக்கிட்டே போவுது ஆச்சி. உண்ணிக் காய்ச்சலான்னு பாத்தாச்சு, அது இல்ல. என்னன்னு இன்னும் பிடிபடல. ரத்தத்த வெளியூருக்கு அனுப்புதேன். அதுவரைக்கும் மோர்ச்சோறு பத்தாது. முட்டை குடுங்க."

"எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாதும்மா."

"உங்களுக்குக் கிடையாது. அதுக்கு?"

நாயை வீட்டில் படுக்கவைத்துவிட்டு முட்டை வாங்கக் கிளம்பினேன். எனக்கு அது புதிது.

எதிர்க்கடை அண்ணாச்சியிடம் முட்டை கேட்டேன். அவர் முட்டைக்கோசை எடுத்துத் தராசில் வைத்தார்.

"கோசு இல்ல அண்ணாச்சி. முட்டை."

"வக்கீலய்யா வீட்டுக்கா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய தெரியாம தாள் சுத்தித் தாரேன் ஆச்சி."

"ஒளிச்சுக் கொண்டுபோக நான் என்ன களவா எடுத்தேன்? அப்படியே கையில குடுங்க."

கையிலேயே ஏந்தி வந்தேன். தெரு முழுக்கப் பார்த்தது. ஆகவே, கோமதி ரகசியமாக முட்டை வாங்குகிறாள் என்பதும் தவறு.

மின்சார அடுப்பைப் பின்வாசலில் வைத்து, நீங்கள் சவரத்துக்கு வெந்நீர் வைக்கும் கிண்ணத்தில் வேகவைத்தேன். உரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாதி தின்றது. வாலின் நுனி மட்டும் அசைந்தது. அன்றிலிருந்து தினமும் அதேதான். ஆனாலும் உடம்பு தேறவில்லை.

நேற்று ஜெயந்தி போன் செய்தாள். நாயை என்னிடம் கொண்டுவந்து விட்டவள்.

"ஆச்சி, ரொம்ப கஷ்டப்படுதே. ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிரலாம்னு எங்காளுக பேசுதாங்க. நாளைக்குச் சாயந்தரம் வண்டி வருது."

"யாருக்கு நிம்மதி?"

அவள் வாயெடுக்கும் முன் நானே தொடர்ந்தேன்.

"மொதல்ல நோய்க்குப் பேரு சொல்லுங்க. பொறவு ஊசியப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் வெளிக்கதவு பூட்டித்தான் கெடக்கும்."

"நாய் எங்க பொறுப்புல உள்ளது ஆச்சி."

"தெரியும். கதவு என் பொறுப்புல உள்ளது."

சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுப் போய் வெளிக்கதவைப் பூட்டினேன். அது படும் பாட்டை நான் நீட்டுகிறேனோ? இது இரக்கமா, என் பிடிவாதமா? கடைசி மாதங்களில் நீங்களும் எதையும் குறை சொல்லாமல்தான் இருந்தீர்கள். அது அமைதியா அத்தான், தெம்பில்லாமையா?

இன்று சாயந்தரம் வண்டி வரும். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. போன் ஒலித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். காலையிலிருந்து மழை, பின்வாசலில் சாரல் அடித்து அடுப்பை வைக்க இடமில்லை. நாய் அடுக்களை நிலைப்படியில் படுத்திருக்கிறது. ஒவ்வொரு வரி எழுதியதும் அதன் விலா ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இது அச்சில் வரும்போது என்ன ஆகியிருக்குமோ?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நோயின் பெயர் தெரியும்வரை இதை யாரிடமும் விடமாட்டேன். பெயர் தெரிந்து, மருந்தில்லை என்று அந்தப் பெண் சொன்னால், வீம்பு பிடிக்க மாட்டேன். கதவை நானே திறப்பேன். ஊசி போடும்போது அதன் தலை என் மடியில் இருக்கும்.

இப்போது முட்டையை அடுக்களைக்குள் கொண்டுபோகிறேன். அத்தை காலத்திலிருந்து கறிவாசம் அறியாத அடுக்களை. அத்தை இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றுதான் தெரியவில்லை. யார் வந்து வாயால் என்ன முறையிட்டாலும், "ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுங்க" என்பீர்களே, அதே விதிதான் உங்களுக்கும்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்.

உங்கள் மாமா மகள்,
கோமதி