கண் பார்க்கும் வரைதான் பிடி

வெள்ளிக்கிழமை, இரவு.

மகள் சபீனாவிடம் இரண்டு வருடமாக மறைத்தது இன்று வெளிப்பட்டுவிட்டது.

திருக்கோவிலூரிலிருந்து அவள் கைக்குழந்தையோடு வந்து நான்கு நாள் ஆகிறது. நேற்றுவரை நான் குழந்தையைத் தூக்கவில்லை. காலையில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இன்னா அத்தா, பொட்டப் புள்ளன்னுதான் தொட மாட்டேன்றீங்களா?"

அந்தப் பேச்சு தாங்காமல் கையை நீட்டினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் என் இரு கைகளிலும் தொடு உணர்வைக் கொண்டுபோய்விட்டது. பலம் மட்டும் மிச்சம். அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். விரலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் மூளை மெல்லப் பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர். பழகியது. கடையில் துணி வெட்டுவதும் டீ கிளாஸைப் பிடிப்பதும் இப்போது கண்ணை வைத்துத்தான். பார்வை விலகினால் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்தது எனக்குத் தெரியவும் தெரியாது. போன மாதம் கிளாஸ் உடைந்த சத்தம் கேட்டுத்தான் குனிந்தேன்.

குழந்தையை வாங்கியதும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை உள்ளே வந்து சலாம் சொன்னார். நிமிராமலே பதில் சொன்னேன்.

"புள்ள மொகத்தப் பாக்கவே இல்லியே அத்தா," என்றாள் சபீனா.

"அங்க பாத்தா கை வுட்டுடும்மா," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. என் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தாள்.

"நான் புடிச்சிக்கினு இருக்கேன். நீங்க பாருங்க."

விரல்களிலிருந்து கண்ணை எடுத்தேன். குழந்தை விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.