டூட்டிக்கு முன் ஒரு சொற்குடும்பம்

ஜூன் 9, திங்கள்

ஐந்து மணிக்கே என் மனைவி மோலி எழுப்பிவிட்டாள். அவள் டூட்டிக்குக் கிளம்புவதற்குள் ஒரு சொற்குடும்பம், ஒரு கடிதம் முடிக்க வேண்டும். அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுதுகிறாள். போன தடவை எழுத்துத் தாளில், அதாவது கடிதம் எழுதுவதில், கோட்டை விட்டாள். இன்று 'இன்ஃபெக்ட்' குடும்பம். இன்ஃபெக்‌ஷன் என்றால் தொற்று, இன்ஃபெக்‌ஷியஸ் என்றால் தொற்றக்கூடியது, டிஸ்இன்ஃபெக்ட் என்றால் கிருமி நீக்குவது. பத்தொன்பது வருட நர்சுக்கு அர்த்தமெல்லாம் அத்துப்படி. வாக்கியத்தில் எதை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் தகராறு. திருத்துவது நான். ஆபீஸ் கடிதம் எழுதியே காலம் தள்ளியவன் என்ற பந்தா.

"சிரிச்சுட்டே திருத்தாதீங்க, எனக்குக் கோபம் வருது" என்றாள். அவளும் சிரித்தாள்.

ஜூன் 12, வியாழன்

'பிரீத்' குடும்பம். மூச்சுவிடுவது, மூச்சு, மூச்சுத்திணறல். ஆபீஸ் போகும் நஞ்சன்கூடு பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது. நல்ல நாள்.

ஜூன் 17, செவ்வாய்

இதை எழுதியே ஆக வேண்டும். போன தடவை அவள் தோற்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வாயால் ஆறுதல் சொன்னேன், அவ்வளவுதான். பிள்ளைகளும் இல்லை. அவள் போய்விட்டால் விஜயநகரில் இந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்வேன்?

இன்று கடிதத்தில் நாலு தப்பு. ஒன்றைத் திருத்தினேன். மற்ற மூன்றுக்கும் டிக் போட்டேன்.

ச்சே — என்ன மனுஷன்டா நீ, கிளைவ்?

ஜூன் 18, புதன்

இன்றும் விட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. பக்கத்தில் மோலி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். எதற்காக என்று எனக்குத் தெரியாதா?

மதியம் அவள் நோட்டை எடுத்து, விட்ட தப்பையெல்லாம் வட்டமிட்டேன். "அன்னிக்கு சரியா பாக்கல" என்றேன். அப்படியா என்பதற்கு 'ஹௌதா' என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டாள். கோழிக் குழம்பு பிரமாதம்.

ஜூலை 19, சனி

பெங்களூரில் பரீட்சை. அவள் உள்ளே. நான் வெளியே மூன்று டீ.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாஸ். எழுத்துத் தாளிலும். நிஜமாகவே சந்தோஷம். அழுகையும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

விசா வந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாள். பெட்டி அடுக்கும்போது, மறைத்து வைத்து அனுப்ப மனசு வராமல் சொல்லிவிட்டேன்: அந்தத் தப்புகளை வேண்டுமென்றேதான் விட்டேன்.

மோலி சேலையை மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். எங்க வார்டு ஷாரன்கிட்ட அந்தக் கடிதத்தையெல்லாம் காட்டினேன். திருத்தாத தப்பு இருக்குன்னு அவ அன்னிக்கே சொல்லிட்டா. அப்புறம் தினமும் அவகிட்டதான் திருத்திக்கிட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்படியானால் பரீட்சை வரைக்கும் தினமும் விடியற்காலையில் என்னை எதற்கு எழுப்பினாய் என்று கேட்டேன்.

"போயிட்டா உங்ககூட இப்படி உக்கார முடியுமா?" என்றாள்.

நாளைக்கு மறுபடி ஐந்து மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.