பெண்களுக்கு மூன்று லிட்டர்

அக்டோபர் 5, அம்மான், ஜோர்டான்

வெயிலில் நாள் முழுக்க நடக்கும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? எனக்குத் தெரியாது. பார்லி வயலுக்குக் கேட்டால் சொல்வேன். அதில்தான் டாக்டர் பட்டம், அதற்குத்தான் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் நடைக்குழுவை நடத்தும் அபூ ஸைதுக்குத் தெரியுமாம். ராணுவத்தில் இருந்தவர் அல்லவா.

நேற்று வாதி அரபா பாலைவனத்தில் நடை முடிந்ததும், மிச்சத் தண்ணீரைக் கேன்களில் ஊற்றச் சொன்னார். ஆண்களுடையது ஒன்றில், பெண்களுடையது இன்னொன்றில். பெண்கள் கேன் வழிந்தது.

"பாத்தீங்களா! நம்ம பொண்ணுங்கல்லாம் ஒட்டகங்கதான். இனிமே ஆம்பளைக்கு அஞ்சு லிட்டர், பொம்பளைக்கு மூணு. எதுக்குச் சும்மா சுமக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள், பெண்களும்தான். சலுகையாம்!

நாங்கள் ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சரளை வெளியில் ஒரு பாறை கிடையாது, ஒரு புதர் கிடையாது. குடித்தால் ஒதுங்க வேண்டும். எங்கே ஒதுங்குவது? முன்னாலும் ஆண்கள், பின்னாலும் ஆண்கள். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு நடக்கிறோம். வேண்டிய அளவு குடித்த பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. பிறகு எதை வைத்து அளந்தார்?

அக்டோபர் 8

கோபம் ஆறவில்லை. வகுப்பில் மாணவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

அக்டோபர் 11

இன்றைய நடையில் லுப்னா விழுந்துவிட்டாள். வங்கியில் வேலை பார்ப்பவள், குழுவிலேயே இளையவள். மதியத்துக்குப் பிறகு அவள் பேச்சு குழறியது. அப்படியே கால் மடங்கிச் சரிந்தாள். கொண்டுவந்த மூன்று லிட்டரில் பாதி பையிலேயே இருந்தது.

அபூ ஸைது அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே திட்டினார். "தண்ணிய முதுகுல வச்சுக்கிட்டு மயங்கி விழற முட்டாள் எங்கயாவது உண்டா? மூணே ஜாஸ்தி போலருக்கே!"

மருத்துவமனையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் குடிக்கலன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. மானம் போயிடும்."

மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, இன்னொரு முறை இப்படி ஆனால் சிறுநீரகம் தாங்காது என்றார். மானம் இருக்கும், சிறுநீரகம் இருக்காது. அவளைத் திட்டுவதா, அவரைத் திட்டுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்டோபர் 14

லுப்னா தொலைபேசியில். வெள்ளிக்கிழமை நடைக்கு வருகிறாளாம். "இப்ப வராம இருந்தா, இனிமே போகவே வேணாம்னு அம்மா சொல்லிடுவாங்கக்கா."

தண்ணீர் குடிப்பியா என்றேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

அக்டோபர் 17

அபூ ஸைது வீட்டில் கூட்டம். தேநீர் வந்தது. அதே மூன்று லிட்டர்தான் என்றார். முடியாத பெண்கள் வீட்டிலேயே இருக்கலாமாம்.

லுப்னா தலை குனிந்திருந்தாள். அவள் பெயரை இழுக்க எனக்கு மனமில்லை. என்னைப் பற்றிச் சொன்னேன்.

"அபூ ஸைது, தாகம் இல்லாம நான் தண்ணிய திருப்பிக் கொண்டு வரல. ஒண்ணுக்குப் போக இடமில்லாம கொண்டு வரேன்."

ஒருவர் செருமினார். இன்னொருவர் தன் பெருவிரலை ஆராய ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா! இதெல்லாம் நாலு பேர் முன்னால பேசற விஷயமா? என் வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே!"

"உங்க வீட்டம்மாவா எங்களுக்குத் தண்ணி அளக்கறாங்க?"

சமையலறைக்குள் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அவர் காது சிவந்துவிட்டது.

நான் நிறுத்தவில்லை. எல்லோருக்கும் ஐந்து லிட்டர். நடுநடுவே ஆண்கள் நன்றாக முன்னால் போய், முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நாங்கள் கூப்பிடும்வரை திரும்பக் கூடாது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நாளை போகாமல் இருந்துவிடலாமா? எந்த முகத்தோடு அந்தப் பேருந்தில் ஏறுவது? சீ, வெட்கப்பட வேண்டியவள் நானா?

அக்டோபர் 18

போனேன். பேருந்தில் ஆண்கள் யாரும் என்னை நேராகப் பார்க்கவில்லை. அபூ ஸைது ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்தார். பெண்களுடையதிலும் ஐந்து இருந்தது. கீழே வைத்துவிட்டு அடுத்த பைக்குப் போனார்.

சரளை வெளியில் வெயில் ஏறியதும், யாரும் கேட்காமலேயே அவர் குரல் எழுந்தது. "ஆம்பளைங்க முன்னால நடங்க! திரும்பிப் பாத்தவனுக்கு டீ கிடையாது!"

குடித்தோம். வெட்கமில்லாமல், மடமடவென்று. பிற்பகலுக்குள் எங்கள் ஐந்து லிட்டரும் தீர்ந்துபோய் ஆண்களிடம் வாங்க வேண்டியதாயிற்று.

"உங்க கணக்கும் தப்பு, டாக்டரம்மா" என்றார், தன் தண்ணீரை லுப்னாவின் புட்டியில் ஊற்றிக்கொண்டே. தப்புதான்.

கடைசியாக நின்ற இடத்தில், தூரத்தில் வரிசையாக ஆண்களின் முதுகுகள். நாங்கள் எப்போதோ ஒதுங்கி வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம்.

"கிளம்பலாமா?" என்று அபூ ஸைது திரும்பாமலேயே கத்தினார்.

லுப்னா வாயைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் இல்ல!" என்று திருப்பிக் கத்திவிட்டு, புட்டியை மறுபடி வாயில் கவிழ்த்தாள்.