மூன்று நாளில் முடிகிற காலேஜ்

என் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இங்கிலீஷ் மாதிரித் தேர்வுக்குக் கடிதம் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். காபி டம்ளரை வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். அனுப்புநர்: எக்ஸ் எக்ஸ் எக்ஸ். பெறுநர்: ஒய் ஒய் ஒய். குபீரென்று சிரித்ததில் காபி அவள் நோட்டில் சிந்தி, "ஒனக்கு என்னம்மா ஆச்சு?" என்று வசவு வாங்கினேன். அந்தப் பெயரைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீதான். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

யார் எழுதிய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது என்பதால், பரீட்சைக் கடிதத்தில் சொந்தப் பெயரும் ஊரும் போடக் கூடாது; எக்ஸும் ஒய்யும்தான். அன்றைக்கும் அதே சட்டம். நமக்கு அது மனப்பாடமாகி, கையோடு ஊறிப் போயிருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

அந்த ப்ளஸ் டூ வருஷம் திருச்சுழியில் காலை பஸ் ஏறி, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் நான் ஒரு கட்டுரையை நெட்டுருப் போட்டுவிடுவேன். வகுப்பில் நான்தான் இங்கிலீஷ் புலி. என் வித்தை என்னவென்று உனக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கவிதையில் எந்த வரியைக் கேட்டாலும், "கவிஞர் இங்கே இயற்கையின் அழகை வியக்கிறார்" என்று எழுதிவிடுவேன். ஒரு தடவை அது போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் சிப்பாயைப் பற்றிய கவிதையாக அமைந்துவிட்டது. அதற்கும் பாதி மார்க் வந்தது. நீயோ அர்த்தம் புரியாமல் ஒரு வரி எழுத மாட்டாய். கவிதையில் பனி கொட்டுகிறது என்றால், ஜன்னலுக்கு வெளியே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் சீமைக்கருவேலைப் பார்த்துக்கொண்டு, "பனி விழுந்தா சத்தம் கேக்குமாடி?" என்பாய். எனக்கு மார்க், உனக்குச் சந்தேகம். அப்படித்தான் பங்கு பிரித்திருந்தோம்.

உனக்குக் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்க வேண்டும். உன் மாமாவுக்கு, உன் அம்மா கூடப் பிறந்தவருக்கு, ப்ளஸ் டூவே அதிகம் என்று எண்ணம்; கையில் மாப்பிள்ளை ஒருவரும் இருந்தார். முடிவு சொல்ல வேண்டியவர் சவுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பா, நீ கூப்பிடுகிறபடி அத்தா. அவர் அனுப்பிய தீர்ப்பு இதுதான்: "புள்ள இங்கிலீசுல சொந்தமா ஒரு கடுதாசி எழுதட்டும். அப்பறம் சொல்றேன்." ஒரு தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று நாலு பேரைக் கெஞ்சிக் கேட்கிற மனிதர். அவருடைய சோதனையில் நியாயம் இருந்தது.

நீ இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, "தப்பு இருந்தா திருத்துடி" என்று என்னிடம் கொடுத்தாய். நான் முதல் வரியைப் படித்தேன். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. இரண்டாவது வரிக்குப் போகவே இல்லை. தாளை ரஃப் நோட்டில் செருகிவிட்டு, கைடைத் திறந்தேன். கல்லூரிக்கு அனுமதி கேட்கும் கடிதம் அதில் கிடையாது. சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டுத் தந்தைக்கு எழுதும் கடிதம் இருந்தது. சுற்றுலா என்ற இடத்தில் காலேஜ் என்று மாற்றினேன். குண்டு குண்டான கையெழுத்தில் ஏர்மெயில் தாளில் எழுதி, வெளியே உன் வீட்டு விலாசத்தையும் போட்டு ஒட்டி, தபால் பெட்டிக்குள் தள்ளிய பிறகுதான் உன்னிடம் சொன்னேன். நன்றி வேறு எதிர்பார்த்தேன்.

பதில் கடிதமாக வரவில்லை. லீவில் ஊருக்கு வந்த ஒருவர் கையில் கேசட்டாக வந்தது. அன்றைக்கு உங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உன் அம்மா, மாமா, அக்கம்பக்கத்துப் பெண்கள், இங்கிலீஷ் புலியாகிய நான். உன் அத்தா சலாம் சொல்லி, ஆடு எத்தனை குட்டி போட்டது என்று கேட்டு, நிதானமாக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா, கடுதாசி வந்துச்சு. கவருமேல நம்ம வீட்டு விலாசம். உள்ள எழுதியிருக்கிறது எக்ஸ் எக்ஸ் எக்ஸுங்கிற புள்ள. ஊரு ஒய் ஒய் ஒய்யாம். படிச்சுக் காமிச்ச மலையாளத்துக்காரரு, இது எந்த ஜில்லான்னு கேக்குறாரு. காலேசுக்குத் தொணையா ரெண்டு டீச்சர் வாராகளாம். மூணு நாள்ல பத்திரமாத் திரும்பிருவாகளாம். மூணு நாள்ல முடியிற காலேசுன்னா தாராளமாப் போயிட்டு வரச் சொல்லு."

பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை, அவருக்கு அது வெற்றி. "சொந்தமா நாலு வரி எழுதத் தெரியல, இதுக்கு இலக்கியமாம்" என்றார். இந்த இடத்தில் நான் எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் கேசட்டோடு வந்த சவுதி முட்டாயின் உறையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்காமலே, "நாந்தேன் மாமா தப்பா எழுதிட்டேன்" என்றாய்.

மறுநாள் பஸ்ஸில் காந்தி நகர் தாண்டும்போதுதான் நீ வாயைத் திறந்தாய். திட்டியிருந்தால் அழுது தப்பித்திருப்பேன். "ஏடி, நீ எழுதுன கடுதாசில நான் எங்கடி இருக்கேன்?" என்றுதான் கேட்டாய்.

அப்போதுதான் ரஃப் நோட்டிலிருந்து உன் தாளை எடுத்து, இரண்டாவது வரிக்குப் போனேன். அத்தா, நீங்கள் போகும்போது கதவின் மேல் தாழ்ப்பாள் எனக்கு எட்டாது. இப்போது எக்காமலே போடுகிறேன். அது உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டுக்கு பேங்கிலிருந்து வந்த இங்கிலீஷ் நோட்டீஸைத் தப்பும் தவறுமாகப் படித்துச் சொன்னதையும், அவுக அழுகையை நிறுத்தியதையும் எழுதியிருந்தாய். நீங்கள் இங்கே வந்த பிறகு, எந்தத் தாளில் எங்கே கையெழுத்து என்று நான் சொல்லுவேன் என்று முடித்திருந்தாய். கீழே உன் முழுப் பெயர், அவர் பெயர், ஊர், தாலுகா எல்லாம். காலம் வரிக்கு வரி தப்பு. ஆனால் திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. பேனாவை மூடிவிட்டு உன்னிடம் நீட்டினேன். அதை அப்படியே அனுப்பினாய்.

அதற்கும் கேசட்தான் வந்தது. இந்தத் தடவை ஆட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. "எழுத்து தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது. படிச்சுச் சொன்ன மலையாளத்துக்காரரு கண்ணத் தொடச்சாரு. அதனால சரியாத்தேன் இருக்கும். நீ படிம்மா." மாமா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். காலேஜில் சேர்க்க உன்னைக் கூட்டிப் போனவரும் அவரேதான். அங்கே ஆபீஸில் இருந்தவரிடம், "எங்க புள்ள இங்கிலீசுலயே கடுதாசி எழுதும்" என்று பீற்றிக்கொண்டதாக நீதான் சொன்னாய்.

நீ டீச்சரானாய். பரீட்சைத் தாள் திருத்திவிட்டு வந்த சாயங்காலங்களில் போன் செய்து, "இன்னைக்கும் நாப்பது எக்ஸ் எக்ஸ் எக்ஸ். எந்த வீட்டுப் புள்ளைகளோ, பாவம்" என்பாய். நான் பத்திரிகைகளுக்கு வேடிக்கையாக எழுதிக் காலம் தள்ளுகிறேன்; மனப்பாடக்காரிக்கு வேறு என்ன தெரியும்? அச்சுக்குப் போகுமுன் முதலில் படிக்கிறவள் நீ. வரி அழகாக இருக்கும்போதெல்லாம் உனக்குச் சந்தேகம் வரும். "இதுல நீ எங்கடி இருக்க?" என்பாய். நான் முறைத்துக்கொண்டே அந்த வரியை அடிப்பேன். இப்போது கேட்க ஆளில்லை. ஆனாலும் அடிக்கிறேன்.

இந்த மடலைத் தொடங்கியபோதும் 'காலமெனும் ஆற்றில்' என்று ஒரு வரி வந்தது. அடித்துவிட்டேன். கைடு இல்லாமல், நீ உன் அத்தாவுக்கு எழுதியதைப் போலவே முயன்று பார்க்கிறேன். நீ போகும்போது நான் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன், நரை எனக்குப் பொருந்துகிறது என்று பொய் சொல்ல ஒருத்தரும் இல்லை. என் மகள் உன்னைப் போலவே சந்தேகம் கேட்கிறாள். அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தாலும், பழக்கத்தில் அதை உனக்கு விட்டு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிடுகிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியாது.

அனுப்புநர் இடத்தில் என் முழுப் பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா எல்லாம் போட்டுவிட்டேன். பெறுநர் இடத்தில்தான், பரீட்சைக்கு வெளியே இரண்டாவது தடவையாக, ஒய் ஒய் ஒய் என்று எழுத வேண்டியிருக்கிறது.