இரும்புக் கட்டில்

பெர்ராரா, இத்தாலி, பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? படியில் பனி உறைந்தால் தம்பியை வழிக்கச் சொல். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் எத்தோரே ஐயாவுக்கு நரம்பெல்லாம் செத்து, கண் மட்டும்தான் அசைகிறது என்று எழுதியிருந்தேனே. போன மாதம் அவர் இடுப்பெலும்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து முதுகுத்தண்டில் செலுத்தினார்கள். அன்றிலிருந்து அவர் மனைவி மிரெல்லா தினமும் காலையில் கதவருகே நின்று, "விரல் அசைஞ்சுதா, ரோடிகா?" என்று கேட்பார்.

திங்களன்று மனசு கேட்காமல், "லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, சிஞோரா" என்றேன். இங்கே நல்ல சேதி கேட்டால் கண் படாமலிருக்க இரும்பைத் தொடுவார்கள். அவர் ஓடிவந்து இரும்புக் கட்டிலைப் பிடித்தார். அவர் கை நடுங்கியது, கட்டில் நடுங்கியது, ஐயாவின் விரலும் நடுங்கியது.

"பாரு, நானே பாத்துட்டேன்" என்று அழுதுகொண்டே சிரித்தார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது தினமும் அவர் வரும் நேரத்தில் நானே முழங்காலால் கட்டிலை அசைக்கிறேன். சிரிக்காதே.

உன் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

நேற்று ஐயாவிடம் எழுத்துப் பலகையைப் பிடித்தேன். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தொட, வேண்டிய எழுத்தில் கண் சிமிட்டுவார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். கால் மணி நேரம் சிமிட்டி அவர் சொன்னது இவ்வளவுதான்: "இன்னும் கொஞ்சம் பலமா."

சிஞோராவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் கட்டிலருகே போக வேண்டும், அம்மா.

உன் ரோடிகா