சாலையோரம் முந்நூறு கெஜம்

ஜூன் 3, 1994

அன்புள்ள ஆர்டிஸ்,

நலம்தானே? பொதுப்பணித் துறையின் அச்சடித்த கடிதம் இதற்குள் உனக்கு வந்திருக்கும். 'மதிப்பிற்குரிய நில உரிமையாளருக்கு' என்றிருப்பதைப் பார்த்துக் கோபப்படாதே, எல்லோருக்கும் அதேதான்.

நேற்று ஆய்வுக்கு வந்தேன். வீட்டு முன்னால் சாலையோரம் முந்நூறு கெஜத்தில் வடக்குப் பாதி வெட்டியிருக்கிறது. தெற்கே வளைவில் முள்புதர் ஆள் உயரம் நிற்கிறது. மரம் ஏற்றிவரும் லாரிக்காரனுக்கு எதிரே வருவது தெரியாது. 'மருந்து அடிக்காதீர்' என்று பலகை வைத்தவர்கள் புதரைத் தாங்களே வெட்ட வேண்டும் என்பதுதான் கவுண்டி நிர்வாகத்தோடு ஒப்பந்தம். இருபதாம் தேதிக்குள் முடியாவிட்டால் மறுநாள் களைக்கொல்லி வண்டி வரும். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது நான்தான்.

ஆள் வைத்தாவது முடித்துவிடு.

வெண்டல்

*

ஜூன் 8, 1994

அன்புள்ள வெண்டலுக்கு,

நலம். வளைவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மறந்துபோயிற்றா? நம் ஊற்று. நான் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். மருந்து அடித்தபின் அதை எந்த நம்பிக்கையில் குடிப்பேன்?

பத்தொன்பது வருஷம் அந்த வளைவை வெட்டியது நீங்கள். இடது கையால் வடக்குப் பாதியை முடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. வலது தோள் ஏன் தூக்க வரவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் புயலில் மண் சரிந்து நாலு நாள் தனியே அடைபட்டுக் கிடந்தேன். இரண்டாம் நாளே விழுந்து தோளை உடைத்துக்கொண்டேன். நீங்களோ ஊரார் சாலைகளையெல்லாம் திறந்துவிட்டு நம் சாலைக்குக் கடைசியில் வந்தீர்கள், யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்று. அதற்காகத்தான் வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன்.

கேட்ட இரண்டு ஆட்களும் ஜூலையில்தான் வருவார்களாம். நீங்கள் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். ஊருக்கு நல்லவராக இருப்பது உங்களுக்குப் பழக்கம்தானே.

ஆர்டிஸ்

*

ஜூன் 13, 1994

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ விழுந்தது எனக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுப் பார்க்காததும் நான்தான். நான் செய்தது தப்பு.

இன்று காலை பட்டறையில் எல்லோர் முன்னாலும் மேலதிகாரி, "என்னப்பா, உங்க வீட்டம்மா ரோட்டுக்கு மட்டும் கண்ண மூடிக்கப் போறியா?" என்று சிரித்தார்.

"மூடல சார். போய் வெட்டப் போறேன்" என்றேன்.

உன் சாலையின் ஆய்வை என்னோடு வேலை செய்யும் டுவேனிடம் கொடுத்துவிட்டேன். சனி, ஞாயிறோடு திங்களும் விடுப்பு. உரிமையாளருக்குப் பதில் வேறொருவர் வெட்டுவதானால் படிவம் வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரை எழுதிவிட்டேன். 'உரிமையாளருக்கு என்ன உறவு' என்ற இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன். அதை எழுதும் உரிமை இப்போது எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நீயே எழுதி அனுப்பு. நான் வரவேண்டாம் என்றால் அதையும் சொல். அந்த இருவரில் ஒருவரைக் கையைக் காலைப் பிடித்தாவது அனுப்பிவைக்கிறேன். ஊற்றுக்கு ஒன்றும் ஆகாது.

வெண்டல்

*

ஜூன் 16, 1994

அன்புள்ள வெண்டலுக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது. முதலில் 'தெரிந்தவர்' என்று பென்சிலால் எழுதினேன். எழுதிவிட்டு ஒரு மணி நேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். போன மாதம் என் வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதங்களும் அதே மேசையில்தான் கிடக்கின்றன. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோபம் தீரவில்லை, வெண்டல். தீரும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்.

தபால் வண்டிச் சத்தம் கேட்டதும் பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவால் 'கணவர்' என்று எழுதினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வாருங்கள். வண்டியை வளைவில் ஒதுக்கி நிறுத்த வேண்டாம். நேராக வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஊரார் பார்த்தால் பார்க்கட்டும்.

ஆர்டிஸ்