பேப்பரில் வந்த படம்

அன்புள்ள அக்கா,

பேப்பரில் வந்த என் படத்தைத் தெருவெல்லாம் காட்டுகிறாயாமே, தயவுசெய்து காட்டாதே.

அரசு கொண்டுவரும் பெண்கள் கொள்கைக்கு யோசனை கேட்கிறோம், அவரவர் ஊர் உடையில் வாருங்கள் என்று மகளிர் ஆணையத்தில் அழைத்தார்கள். மலையிலிருந்து வந்த ஒருத்தி எழுந்து, "எங்க பக்கம் வீடும் நிலமும் பொண்ணுக்குத்தான். ஆணுக்கும் பொண்ணுக்கும் சரிபாதின்னு நீங்க எழுதினா, எங்களுக்குப் பாதி போயிடும்" என்றாள். ஆணையத் தலைவியம்மா பூரித்துப்போய், "எவ்வளவு அழகாப் பேசுறா! அந்த மணிமாலையைக் கொஞ்சம் வெளிய எடுத்து விடும்மா, படத்துல தெரியட்டும்" என்றாள். உடனே, எங்கள் யோசனைப்படி எழுதியதென்று முன்பே அச்சடித்து வைத்திருந்த கொள்கைப் புத்தகத்தை ஆளுக்கொன்று நீட்டினார்கள். அதில் அதே சரிபாதி. தூ!

மாமா இறந்ததும் அவர் வீட்டார் உன்னை வெளியே அனுப்பியதைச் சொல்லத்தான் நான் போனேன். என் முறை வரவேயில்லை.

படத்தில் இருப்பது சிரிப்பில்லை அக்கா. வாந்தி வராமலிருக்க வாயை இறுக்கி மூடியிருந்தேன்.

உன் தங்கை